மண்குவளையும் தேளும்: பாலைவனத் தேள் வெப்பத்தைத் தாங்கும் விதத்தை வீட்டிலேயே செய்து அறிதல்

யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அக்னி நட்சத்திர வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வெறுங்காலை வைக்க முடியாத அந்தப் பாறையின் இடுக்கில்தான் தேள் பகல் முழுவதும் கிடந்து, இருட்டியதும் இரை தேடி வெளியே வருகிறது. சகாராவிலும் அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்திலும் வாழும் அதன் உறவினங்கள் இதைவிடக் கடுமையான சூட்டைப் பார்த்தவை. நம் உடல் 42 டிகிரி செல்சியஸிலேயே தடுமாறிவிடும் என்றால், அவற்றில் சில 45 டிகிரியிலும் உயிரோடு இருக்கும். இது எவ்வாறு முடிகிறது என்பதை, ஒரு தேளைக்கூடப் பிடிக்காமல், சமையலறைப் பொருள்களைக் கொண்டே படிப்படியாகப் புரிந்துகொள்ளலாம்.

தேவையானவை: ஒரே அளவுள்ள மானாமதுரை மண்குவளைகள் இரண்டு, 50 கிராம் தேன்மெழுகு, கிராம் காட்டும் தராசு, 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, ஒரு முட்டை, சிறிது நெய், சிறிது நல்லெண்ணெய். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

முதல் படி: மண்ணை அளத்தல்

பிற்பகல் இரண்டு மணிக்கு முற்றத்து மண்ணின் மேற்பரப்பில் வெப்பமானியை வைத்து அளவிடுங்கள். பிறகு கம்பியால் ஒரு சாண் ஆழத்திற்குத் துளையிட்டு, அதற்குள் இறக்கிப் பாருங்கள். நான் அளந்த நாளில் மேலே 54, உள்ளே 35. தேளைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு இந்த ஒரு சாணுக்கு உண்டு. வளையையும் இடுக்கையும் சொல்லாமல் நேராக மூலக்கூறுகளுக்குப் போய்விடும் விளக்கங்களில் எனக்கு உடன்பாடில்லை. வளையிலும் சூடு ஏறும்போதும், இரை தேடி வெளியே வந்த இடத்தில் ஒதுங்க நிழல் கிடைக்காதபோதும்தான் மூலக்கூறுகளின் வேலை தொடங்குகிறது.

இரண்டாம் படி: மெழுகுக் குவளை

இந்தப் படிக்கு ஒரு பகல் முழுவதையும் ஒதுக்குங்கள். தேன்மெழுகை நேரடியாக நெருப்பில் காட்டாமல், கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கி, ஒரு குவளையின் வெளிப்புறம் முழுவதும், அடிப்பகுதி உட்பட, தூரிகையால் பூசுங்கள். குவளை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் முறை நான் கழுவிய ஈரத்தோடு பூசியதால், மெழுகு அப்பளம்போல உரிந்து வந்தது. இரண்டு குவளைகளிலும் 150 கிராம் நீர் ஊற்றி, எவர்சில்வர் தட்டால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, மணிக்கொரு முறை குவளையோடு சேர்த்து எடை பாருங்கள்.

மாலைக்குள், பூசாத குவளையின் எடை நன்றாகக் குறைந்திருக்கும். மெழுகுக் குவளையின் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். இப்போது இரண்டு நீரிலும் வெப்பமானியை வையுங்கள். எடை குறைந்த குவளையின் நீர் குளிர்ந்திருக்கிறது, மெழுகுக் குவளையின் நீரோ சுற்றியுள்ள காற்றின் சூட்டிலேயே இருக்கிறது. வியர்வையைச் செலவிட்டு உடலைக் குளிர்விக்கும் நாம் முதல் குவளை. நீரை விட மனமில்லாத தேள் இரண்டாவது குவளை. தண்ணீரைக் காத்துக்கொள்வதற்காகத் தேள் குளிர்ச்சியை விட்டுக்கொடுத்திருக்கிறது, அதனால்தான் சூட்டைத் தன் உடலுக்குள்ளேயே தாங்கியாக வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகியிருக்கிறது.

தேளின் புறத்தோலில் உள்ள மெழுகு, நீண்ட கார்பன் சங்கிலிகளைக் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் முதலான கொழுப்புப் பொருள்களால் ஆனது. சங்கிலி நீண்டு, நேராக இருந்தால் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்படும், உருகுவதற்கும் அதிகச் சூடு வேண்டும். பெரும்பாலும் 12 கார்பன் அமிலத்தால் ஆன தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிட, நாற்பதுக்கு மேற்பட்ட கார்பன்களைக் கொண்ட தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் தேவைப்படுவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேளின் மெழுகுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிச் சூடேறினால் அடுக்கு குலைந்து, நீர் இழப்பு சட்டென்று உயரும்.

தேள் மூச்சுவிடுவது வயிற்றுப்புறத்தில் உள்ள எட்டுத் துளைகள் வழியாக. உடலின் ஆற்றல் செலவு மிகக் குறைவு என்பதால் அவற்றையும் அதிகம் திறக்க வேண்டியதில்லை. கழிவிலும் இதே சிக்கனம்தான்: நீரில் கரையாத குவானின் போன்ற பொருளாகவே நைட்ரஜனை வெளியேற்றுகிறது. உங்கள் சுவர் மூலையில் சிலந்தி விட்டுச்சென்ற வெள்ளைப் புள்ளியும் அதே குவானின்தான்.

மூன்றாம் படி: நெய்யும் நல்லெண்ணெயும்

இரண்டையும் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தால் நெய் கெட்டியாகும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். நெய்யில் நேரான நிறைவுற்ற சங்கிலிகள் மிகுதி, நல்லெண்ணெயில் வளைந்தவை மிகுதி. உயிரணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனதே. சூட்டில் அது மிகையாக இளகிவிடாமலிருக்க, வெப்பத்துக்குப் பழகும் உயிர்கள் நிறைவுற்ற கொழுப்பின் பங்கைக் கூட்டிக்கொள்கின்றன.

நான்காம் படி: முட்டையின் வெள்ளைக்கரு

வெள்ளைக்கருவை மெல்லிய கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, நீருள்ள பாத்திரத்தில் நிறுத்தி, வெப்பமானியைக் கருவுக்குள் வைத்து, மிகச் சிறிய தீயில் சூடாக்குங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் எல்லாம் ஒரே கணத்தில் வெந்துவிடும், பார்க்க ஒன்றும் இராது. 60 டிகிரியைத் தாண்டும்போது, கண்ணாடிபோல் இருந்த கருவின் ஓரத்தில் பால்போன்ற ஒரு மங்கல் தோன்றிப் பரவும். இறக்கி ஆறவைத்தாலும் அந்த வெண்மை மறைவதில்லை.

புரதம் என்பது மடிக்கப்பட்ட நீண்ட சங்கிலி; வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டிய மல்லிகைப்பூப் பொட்டலத்தைப்போல, எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகளை உள்ளே மறைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. சூடு ஏறும்போது நார் போன்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, உட்பகுதிகள் வெளிப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. உயிரணுக்களின் நுண்ணிய புரதங்கள் பலவற்றுக்கு இந்த ஆபத்து நாற்பதுகளிலேயே தொடங்கிவிடும்.

இங்கே வேலைக்கு வருபவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். அவற்றில் ஹெச்எஸ்பி 70 என்பது வெளிப்பட்ட எண்ணெய்ப் பகுதியைப் பற்றிக்கொண்டு, அது அடுத்ததோடு ஒட்டாமல் தடுத்து, ஏடிபி எனும், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு மீண்டும் மடிய வாய்ப்பளிக்கிறது. இதைத் தூண்டும் ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது: சாதாரண நேரத்தில் இப்புரதங்கள் ஒரு மரபணுத் தூண்டியைப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன; சேதமான புரதங்கள் பெருகியதும் அவற்றைக் கவனிக்கப் போய்விடுவதால், விடுபட்ட தூண்டிகள் மும்மூன்றாக இணைந்து மரபணுவில் அமர்ந்து, இன்னும் அதிக வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கச் செய்கின்றன. வேலை முடிந்து அவை திரும்பியதும் தூண்டி மறுபடி அடங்கிவிடுகிறது. சூட்டுக்கு மரபணுக்கள் இப்படி விழித்தெழுவதை 1962-இல் முதலில் கண்டவர் இத்தாலியரான ஃபெரூச்சியோ ரிட்டோசா. அவர் பார்த்தது பழ ஈயில் என்றாலும், இந்த ஏற்பாடு நம்மிடமும் தேளிடமும் உண்டு.

ஐந்தாம் படி: இரவில் பார்த்தல், விரும்பினால் மட்டும்

கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சைப் பாறைப் பக்கம் அடித்தால், தேள் நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். புறத்தோலில் உள்ள பீட்டா கார்போலின் போன்ற மூலக்கூறுகளே காரணம். தோல் உரித்த கையோடு இருக்கும் தேள் ஒளிராது, தோல் இறுக இறுகத்தான் ஒளி வரும். மூடிய காலணி அணிந்து, பெரியவர் ஒருவர் துணையுடன் மட்டும் செல்லுங்கள். கல்லைக் கையால் புரட்ட வேண்டாம். நம் பகுதிச் செந்தேளின் நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கும் என்பதால், கொட்டிவிட்டால் மந்திரிக்கவோ பச்சிலை கட்டவோ நேரம் செலவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.