எடை போடும்போது செய்யக்கூடாதவை

கடற்கரை அங்கன்வாடிகளில் புதுசா சேர்ந்த டீச்சர்களோடு எடை போடுற நாளில் உட்கார்ந்திருக்கேன். நாங்க அந்தக் காலத்தில் பண்ணின அதே கூத்துதான். தராசு பூஜ்யத்தில் நிக்கணும், வெள்ளி அரைஞாண், கொலுசைக் கழட்டணும்ங்கிறதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பாங்க, அதை விட்டுடுறேன்.

எடையைச் சபையில் கத்துறது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். நாலு தாய்மார் நிக்கிற இடத்தில், "என்னம்மா, ஒன்பதரைக் கிலோதானா? பிள்ளைக்குச் சோறே போடுறதில்லையா?"

கீழக்கரைக்குக் கிழக்கே, கடல்பாசி எடுக்கப் போற ஒரு தாய் இதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனாங்க. அன்னையிலிருந்து செல்போனைக் காட்டி, கன்னத்தைப் பிடிச்சு, "ஒரே ஒரு வாய்"னு திணிப்பு. தட்டைக் கண்டாலே பையன் ஓட ஆரம்பிச்சான். உடனே பாசி வித்த காசில் டப்பா பவுடர், நாளெல்லாம் டம்ளர் டம்ளராப் பால். வயிறு பாலிலேயே நிறைஞ்சா சோறு எங்க இறங்கும்? தினம் அரை லிட்டருக்கு மேல பால் குடிக்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைய வாய்ப்பு அதிகம். அவனும் வெளிறிப்போனான், ரத்தத்தைப் பார்த்தா சோகை.

இத்தனைக்கும், மாசாமாசம் எடையைக் குறிக்கிற வளர்ச்சி அட்டையில் அவன் கோடு பொறந்ததிலிருந்து கீழ்ப்பக்கமா, ஆனா ஒரே சீரா ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பனும் ஆத்தாளும் குள்ளம். அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தா வாயே திறந்திருக்க வேண்டாம்.

3 கிலோவில் பொறந்த பிள்ளை ஒரு வயசில் ஏறக்குறைய 9 கிலோ வரும். அடுத்த வருஷம் ரெண்டு, ரெண்டரைக் கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமானா பசியும் நிதானமாகும். "முன்னாடி நல்லாத் தின்னான், இப்ப மாட்டேங்கிறான்"னு வர்ற தாய்க்கு முதல்ல இதைச் சொல்லுங்க. என்ன, எப்போ, எங்கேங்கிறதைப் பெத்தவங்க முடிவு பண்ணணும். எவ்வளவுங்கிறதைப் பிள்ளை முடிவு பண்ணணும்னு அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் சொன்னது நம்ம திண்ணைக்கும் பொருந்தும்.

கோடு படுத்துச்சுன்னா, கீழ இறங்குச்சுன்னா விடாதீங்க: காய்ச்சலா, கழிச்சலா, பூச்சியான்னு தாயைத் தனியா உட்கார வச்சுக் கேளுங்க. ஆறு மாசம் முதல் அஞ்சு வயசுக்குள்ள, மேல்கைச் சுற்றளவை அளக்கிற நாடா 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ காட்டினா ஆரம்ப சுகாதார நிலையம். 11.5-க்குக் கீழன்னா அன்னைக்கே.

குண்டுப் பிள்ளைக்குப் பட்டப்பேர்

"பூசணி வந்துட்டான்"னு சிரிக்கிறதும் அதே வாய்தான். வீட்டில் சோத்தைக் குறைச்சா, பெட்டிக்கடையில் பிஸ்கட்டா ஏத்திக்குவான். வளர்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையை இறக்க வேண்டியதில்லை. மேல ஏறாமப் பிடிச்சா, உயரம் வந்து சரிக்கட்டிடும். கலர் பாட்டிலும் பாக்கெட் தீனியும் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது, அண்ணனுக்கும் சேர்த்துத்தான். அவன் தட்டை மட்டும் குறைக்கிறது தண்டனை.

சோத்தை முடிச்சா மிட்டாய்

வேண்டாம்.

தடைக்காலத்தை மறக்கிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கூலியும் நிக்கும், மீன் விலையும் ஏறும். தட்டில் கருவாடு மட்டும் மிஞ்சும். சின்னப் பிள்ளைக்கு அந்த உப்பு ஆகாது. நாட்டுப்படகில் வர்ற சூடையோ நெத்திலியோ கிடைச்சா முள்ளெடுத்துக் கொடுக்கலாம். இல்லைன்னா முட்டை, பாசிப்பயறு, முருங்கைக்கீரை. அந்த ரெண்டு மாசம் நாம கொடுக்கிற சத்துமாவை வீடே பங்கு போட்டுக்கும். ஜூன் எடையைப் பார்த்துத் தாயைத் திட்டுறதுக்கு முன்னாடி, மாவு யார் வயித்துக்குப் போச்சுன்னு கேளுங்க.