கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: யாருக்கு என்ன பண உதவி?

கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் தரும் அரசுக் கல்லூரி) சேரப் பண உதவி கிடைக்குமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்வி. என்ன விசா? கலிஃபோர்னியாவுக்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்று? ஊரிலேயே டிகிரி முடித்தாயிற்றா? வருமானம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே எதற்கு விண்ணப்பிக்கலாம், எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

இங்கே எழுதியிருப்பது கலிஃபோர்னியா நிலவரம். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ மாநில விதிகள் வேறு. ஃபெடரல் உதவிகள் மட்டும் எந்த மாநிலத்திலும் ஒன்றுதான்.

முதலில் ரெசிடென்ட் ஆகுங்கள்

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநில ரெசிடென்ட்டுக்கு, அதாவது மாநிலவாசி என்று காலேஜ் ஏற்றுக்கொண்டவருக்கு, கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்; யூனிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு. 2012-லிருந்து ஏறவே இல்லை. மூன்று யூனிட் அக்கவுண்டிங் வகுப்பு 138 டாலரில் முடிந்துவிடும். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறை காலேஜ்களில் யூனிட்டுக்கு 31 டாலர். ரெசிடென்ட் இல்லாதவர் இதற்கு மேல் யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கட்ட வேண்டும். அதே அக்கவுண்டிங் வகுப்பு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். நம்மவர்களில் பலருக்குக் கிடைக்கிற பெரிய பண உதவியே இந்த ரெசிடென்ட் தகுதிதான்.

செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய நாள் கணக்கில், கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும். இங்கேயே இருக்கப் போகிறோம் என்பதற்குச் சான்றும் காட்ட வேண்டும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்களும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4, எல்-2 விசாக்காரர்களும் ரெசிடென்ட் ஆக முடியும். எஃப்-1 (மாணவர்), எஃப்-2 (மாணவரின் குடும்பம்), ஜே (பரிமாற்றத் திட்டம்), பி (சுற்றுலா, வணிகப் பயணம்) விசாக்களுக்கு அந்த வழி கிடையாது. எஃப்-2-விலிருந்து எச்-4-க்கு மாறியவருக்கு, மாறிய தேதியிலிருந்துதான் வருடம் ஓடத் தொடங்கும்.

சான்று விஷயத்தில்தான் எச்-4-இல் வந்த பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில், கரண்ட் பில் கணவர் பெயரில், கார் கணவர் பெயரில். இரண்டு வருடமாக இதே ஊரில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்திருப்பார். அட்மிஷன்ஸ் கவுண்ட்டரில் நீட்ட அவர் பெயர் போட்ட ஒரு தாள் இருக்காது. அதனால் வந்த மாதமே வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வங்கியில் ஜாயிண்ட் அக்கவுண்ட் திறங்கள். மாநில வாகனத் துறையான டி.எம்.வி.யில் லைசென்ஸோ ஐடி கார்டோ வாங்குங்கள். மாநில வருமான வரியைச் சேர்ந்து தாக்கல் செய்தால் அந்த 540 படிவமும் நல்ல சான்று. காலேஜ் நினைப்பே இல்லாவிட்டாலும் செய்து வையுங்கள், பெரிய செலவு ஒன்றுமில்லை.

ஒரு வருடம் ஆகும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. டிகிரிக்கான யூனிட் கணக்கில் சேராத நான்-கிரெடிட் வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆங்கிலம், கம்ப்யூட்டர் அடிப்படை, சில தொழில் சான்றிதழ்கள் அதில் உண்டு.

ஊர் டிகிரி எங்கே தடுக்கும்?

பெல் கிராண்ட் என்பது ஃபெடரல் அரசு திருப்பிக் கேட்காமல் தரும் பணம். 2025-26 கல்வியாண்டுக்கு உச்சத் தொகை 7,395 டாலர். ஆனால் பொதுவாக முதல் பேச்சலர் டிகிரி இன்னும் வாங்காதவருக்குத்தான் அது. அண்ணா பல்கலைக்கழக பி.இ.யும் சென்னைப் பல்கலைக்கழக பி.காமும் இங்கே செல்லுமா செல்லாதா என்று வேலை தேடும்போது ஆயிரம் விவாதம் நடக்கும். பெல் கிராண்டைப் பொறுத்தவரை அவை டிகிரிதான். மாநில அரசு தரும் 'கால் கிராண்ட்' (Cal Grant) உதவியும் பொதுவாக டிகிரி முடித்தவருக்கு எட்டாது.

"டிகிரி இருப்பதைச் சொல்லாதே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஃபெடரல் படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது குற்றம். வாங்கிய பணத்தைத் திருப்புவதோடு முடியாது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது வந்து நிற்கும்.

டிகிரி தடுக்காத உதவி ஒன்று உண்டு: கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட். யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணத்தை அப்படியே தள்ளுபடி செய்வது இது. அந்த விண்ணப்பம் கேட்பது, அட்மிஷன்ஸ் அலுவலகம் உங்களை மாநில ரெசிடென்ட் என்று முடிவு செய்திருக்கிறதா என்பதைத்தான். வருமானத்தை மட்டும் வைத்துக் கேட்டால் வரம்பு கண்டிப்பானது: குடும்ப அளவுக்கேற்ற ஃபெடரல் வறுமைக்கோட்டின் 150 சதவீதம். ஐ.டி. சம்பளம் வாங்கும் வீடுகளுக்கு இது எட்டாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடையிலோ உணவகத்திலோ வேலை பார்க்கும் குடும்பங்கள் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். புத்தகம், பார்க்கிங், ஹெல்த் ஃபீஸ் இதில் அடங்காது.

கிரீன் கார்டில் வந்த குடும்பங்களுக்கு

அண்ணனோ அக்காவோ ஸ்பான்சர் செய்து, பன்னிரண்டாவது முடித்த பிள்ளையோடு வந்திறங்கும் குடும்பங்கள்தான் இதில் அதிகம் பயன்பெறக்கூடியவை. அதிகம் தயங்குபவையும் அவைதான். கிரீன் கார்டு உள்ள மாணவருக்கு ஃபெடரல் உதவி முதல் நாளிலிருந்தே உண்டு. ஒரு வருடக் காத்திருப்பு மாநிலக் கட்டணத்துக்குத்தான். எச்-1பி பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கும் முழு உரிமை உண்டு. ஃபெடரல் உதவிப் படிவம் பார்ப்பது மாணவரின் குடியுரிமையை, பெற்றோரின் விசாவை இல்லை. எச்-4 மாணவர்களுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதும் போதாது. எச்-4 தகுதி 21 வயதோடு முடிந்துவிடும் என்பதால், எச்-4 பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளையின் 21-வது பிறந்தநாளைக் கணக்கில் வைத்துத்தான் படிப்பைத் திட்டமிட வேண்டும்.

ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம் ஃபாஃப்சா. வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும், இலவசம். நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவரைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். கால் கிராண்டுக்குக் கடைசி நாள் மார்ச் 2. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மட்டும் செப்டம்பர் 2-இல் இன்னொரு வாய்ப்பு உண்டு.

படிவத்தில் நம்மை முதலில் மறிப்பது பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், சோஷியல் செக்யூரிட்டி கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக. ஃபாஃப்சா கணக்கு தொடங்கும்போது சோஷியல் செக்யூரிட்டி கார்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். கிரீன் கார்டில் பெயர் வேறு மாதிரி இருந்து கணினி ஒத்துக்கொள்ளாவிட்டால் பயப்பட வேண்டாம்; கார்டை எடுத்துக்கொண்டு காலேஜின் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்குப் போனால் கையால் சரிபார்ப்பார்கள்.

அடுத்தது வருமானம். 2026-27-க்கான படிவம் கேட்பது 2024 வருமானத்தை. அந்த வருடம் நீங்கள் திருச்சியில் இருந்திருந்தால் அங்கே வாங்கிய சம்பளத்தை டாலரில் மாற்றிப் போட வேண்டும். ஃபார்ம் 16-ஐயும் வருமான வரித் தாக்கல் நகலையும் பெட்டியில் போட்டே கிளம்புங்கள். ஸ்பான்சர் செய்த அண்ணன் வருமானத்தைப் போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், அவர் மாணவரின் பெற்றோர் இல்லையே.

அந்த வருமானத்துக்கும் இன்றைய நிலைமைக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருக்கலாம்: வேலை போயிருக்கலாம், இரண்டு சம்பளம் ஒன்றாகியிருக்கலாம். அப்போது பணிநீக்கக் கடிதத்தோடு ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். தொகையைத் திருத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நம்மவர்கள் கூச்சத்தில் இதைக் கேட்பதே இல்லை.

சில்லறை விஷயங்கள்

வகுப்புப் பட்டியலில் 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' என்ற குறி உள்ள வகுப்பைத் தேடி எடுங்கள். புத்தகச் செலவு அடியோடு போய்விடும். காலேஜ் ஃபவுண்டேஷன் தரும் சிறு ஸ்காலர்ஷிப்களில் பல விசாவைப் பார்ப்பதில்லை; கட்டுரை எழுதச் சோம்பல்படுவதால் போட்டியும் குறைவு. உதவிக் கடிதத்தில் கிராண்டோடு கடனும் வரிசையாக வந்தால் கடனை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். 46 டாலர் யூனிட்டுக்குக் கடன் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

கட்ட வேண்டிய ஃபெடரல் வரியைக் குறைக்கும் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று ஒன்று உண்டு: கட்டணத்தில் 20 சதவீதம், உச்சம் 2,000 டாலர். டிகிரி முடித்தவருக்கும், ஒரே ஒரு வகுப்பு எடுப்பவருக்கும் பொருந்தும். ஆனால் 2026 வரியாண்டிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல், அந்த எண் வாங்க முடியாதவருக்கு வரித்துறை தரும் ஐடின் (ITIN) எண்ணை மட்டும் வைத்து இதைக் கேட்க முடியாது.

பெல் கிராண்ட் வாங்கிய மாணவர், செமஸ்டரில் 60 சதவீதம் முடியுமுன் எல்லா வகுப்பையும் விட்டு விலகினால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்ப வேண்டிவரும். ஊரில் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று நடு செமஸ்டரில் விமானம் ஏற வேண்டியிருந்தால், டிக்கெட் போடும் முன் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.