பழைய காற்று ஷட்டருக்கு மாற்று ரப்பர் பல்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவில் ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவுதான் ஷட்டர். அதன் வேக வளையத்தில் இன்றும் ‘பி’ என்ற எழுத்து இருக்கிறது. ‘பி’ என்பது ‘பல்ப்’ என்பதன் முதலெழுத்து. ரப்பர் பல்பை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஆல்ட்ரிங்காமின் தார்ன்டன்-பிக்கார்டு, ராச்செஸ்டரின் பாஷ் அண்ட் லாம் யூனிக்கம், கலமசூவின் பேக்கார்டு ஆகிய ஷட்டர்களெல்லாம் காற்றால் இயக்கப்பட்டவை. அவற்றின் உலோகப் பாகங்கள் நூறாண்டு தாண்டியும் வேலை செய்கின்றன. பல்பும் குழாயும்தான் இற்றுப் போயிருக்கும்.

மாற்று பல்ப் செய்வது அரை மணி நேர வேலை. அதில் நடக்கும் தவறுகளில் பல, பல்பைக் காற்றடிக்கும் பம்பு என்று நினைப்பதால் வருபவை. இங்கே தள்ளிய காற்று அதே வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். பேக்கார்டு ஷட்டரில் இதழ்களை (ஒளியை மறைக்கும் மெல்லிய தகடுகளை) திறப்பது காற்றழுத்தம், மூடுவது பல்ப் விரியும்போது உண்டாகும் உறிஞ்சல். காற்று திரும்பாவிட்டால் ஷட்டர் மூடாது, ஒளிப்படத் தட்டில் படமும் இருக்காது.

அதனால்தான் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பை அப்படியே மாட்டுவது முதல் பெரிய தவறு. பார்வைக்குப் பழைய பல்பு போலவே இருக்கும், மருந்துக் கடையில் தனியாகவும் கிடைக்கும். ஆனால் அதன் வால் பக்கத்தில் வெளிக்காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு உண்டு. பல்பை விட்டதும் காற்று அந்த வால் வழியாகவே நுழைந்துவிடும், குழாயில் உறிஞ்சல் பிறக்காது. முன்பக்கத் திருகு வால்வு இருந்தால் போன காற்றும் அங்கேயே சிறைப்படும். இரண்டையும் கழற்றுங்கள். வால் துளையில், அதன் விட்டத்தைவிட 1 மி.மீ. பருமனான ரப்பர் அடைப்பானை இறுக்கிச் செருகுங்கள். லென்ஸ் தூசி ஊதும் பல்புக்கும் இதே சிகிச்சைதான். ஆய்வுக்கூடத்தின் மூன்று வால்வு பிப்பெட் பல்பைத் தொடவே வேண்டாம்.

நமக்கு வாகானது காது கழுவும் ரப்பர் பல்ப். ஒரே துளை, வால்வு கிடையாது. 30, 60, 90 மி.லி. அளவுகளில் வருகிறது. இதில் நடக்கும் தவறு, மூக்கை ஒரே வெட்டில் அடியோடு நறுக்கிவிடுவது. மூக்கு கூம்பு வடிவம் என்பதால் நுனியிலிருந்து 3 மி.மீ. 3 மி.மீ. ஆக வெட்டி, ஒவ்வொரு முறையும் குழாயைச் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு வெட்டு கூடிப்போனால் துளை பெரிதாகி, பல்ப் வீணாகும்.

அமுக்கி அடிக்கும் வண்டி ஹாரனின் ரப்பர் பந்தும் ஆகும், பெரிய பேக்கார்டுக்கு மட்டும். சுவர் தடித்த அந்தப் பந்து ஒரே அமுக்கில் ஏராளமான காற்றைத் தள்ளும். யூனிக்கம் போன்ற சிறிய ஷட்டரில் மாட்டினால், காற்று தள்ளும் பிஸ்டன் முட்டி நெம்புகோல் வளையலாம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

இதைக் கணக்குப் போடாமல் குழாயை நீளமாக்குவது அடுத்த தவறு. 5 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் 1.5 மீட்டருக்கு ஏறக்குறைய 29 மி.லி. காற்றைக் கொள்ளும், 3 மீட்டருக்கு 59 மி.லி. 60 மி.லி. பல்பைப் பாதி அமுக்கினால் 1.5 மீட்டர் குழாயில் கிடைக்கும் கூடுதல் அழுத்தம் சுமார் 0.5 வளிமண்டலம். 3 மீட்டரில் அது 0.34தான். 10 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் இது 400 கிராம் உந்தலுக்கும் 270 கிராம் உந்தலுக்கும் உள்ள வித்தியாசம். ஷட்டர் ஒரு நாள் இயங்கி மறுநாள் அடம்பிடிப்பது பெரும்பாலும் இந்த எல்லையில்தான்.

அதே 3 மீட்டரை 3 மி.மீ. குழாயில் போட்டால் கொள்ளளவு 21 மி.லி. ஆகக் குறைந்து அழுத்தம் 0.59க்கு ஏறும். ஆனால் ஓட்டத் தடை கூடும். சிறிய ஷட்டருக்கு 3 அல்லது 4 மி.மீ. சரி. பேக்கார்டுக்கு 5 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள், காற்று மெதுவாகத் திரும்பி இதழ்கள் சோம்பலாக மூடும். மருத்துவ ஊசியின் அடிப்பகுதியைக் குழாய் இணைப்பாகச் செருகுவதும் இதே காரணத்தால் தவறு. ஒரு மி.மீ. துளை வழியில் எங்கே இருந்தாலும் முழுக் குழாயும் குறுகியதுபோலத்தான். பேக்கார்டு 6ஆம் எண் ஷட்டரில் அதற்கென்றே உள்ள சிறு உலோக முள்ளைச் செருகினால் கிடைக்கும் சுமார் 1/25 வினாடி வேகம், பல்பை வேகமாக அமுக்கினால்தான் வரும்.

பல்ப் வாங்கும் முன் அளந்துவிடலாம். ஊசியில்லாத 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சை (பேக்கார்டுக்கு 50 மி.லி.) 10 செ.மீ. குழாயால் ஷட்டரில் இணைத்து, மெல்லத் தள்ளுங்கள். எத்தனை மி.லி.யில் இயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல்பைப் பாதி அமுக்கும்போது வெளியேறும் காற்று, இந்த அளவும் குழாயின் கொள்ளளவும் சேர்ந்ததற்குக் குறையாமல் இருந்தால் போதும். சிரிஞ்சைக் கட்டைவிரலால் ஓங்கித் தள்ளாதீர்கள். அதில் பல்பைவிடப் பல மடங்கு அழுத்தம் உண்டாகும். விரல் நெம்புகோல் உள்ள ஷட்டரானால் முதலில் அதைத் தட்டிப் பாருங்கள். அதற்கே இயங்காவிட்டால் கோளாறு பல்பில் இல்லை.

குழாயும் இணைப்பும்

மீன் தொட்டிக் குழாய் மலிவு, ஆனால் விறைப்பானது, ஷட்டரின் பித்தளை முனையிலிருந்து நழுவும். மெல்லிய சுவர் லேடெக்ஸ் குழாய் அமுக்கும்போது தானே உப்பி, அழுத்தத்தைத் தின்றுவிடும். சிறிய ஷட்டருக்கு, உள்விட்டம் 4, வெளிவிட்டம் 7 மி.மீ. உள்ள சிலிக்கோன் குழாய் நன்றாகப் பிடிக்கும். முனையைவிட அரை மி.மீ. சிறிய உள்விட்டம் தேர்ந்தெடுத்தால் பசையே தேவையில்லை.

பசை என்றதும் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் பசை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். குழாய்க்குள் மாட்டிக்கொண்ட அந்த ஆவி நேராகப் பித்தளை சிலிண்டருக்குப் போய் அரிக்கும். தளர்வாக இருந்தால் மெழுகு தடவிய பருத்தி நூலை வெளியே நான்கு சுற்று இறுக்கிக் கட்டினாலே போதும்.

பழைய குழாயைப் பிடித்து இழுக்காதீர்கள். முனை மெல்லிய ஈயப் பற்றால் ஒட்டப்பட்டிருக்கலாம், கையோடு வந்துவிடும். ரப்பரை நீளவாக்கில் பிளேடால் கீறி விரித்தெடுங்கள். ஒட்டிய மிச்சத்தை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், துளை கீழ்நோக்கி இருக்கட்டும்.

இறுகிப்போன பழைய பல்பைக் கிளிசரினில் ஊறவைத்து உயிர்ப்பிக்க முயல்வதும் வீண். ரப்பர் ஆக்சிஜனேற்றத்தால் மாறிவிட்டது, அது திரும்பாது. மேல்தோல் கொஞ்சம் மென்மையானாலும் உள்சுவர் உதிரும். அமுக்கிய அமுக்கில் அந்தத் துகள்கள் சிலிண்டருக்குள் போய் உட்காரும். மாற்று பல்ப் வாங்கியதைவிட அதைச் சுத்தம் செய்யும் செலவு அதிகம்.

யூனிக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். குழாய் முனை உள்ளது இயக்குவதற்கு, மற்றது வேகத்தைக் கட்டுப்படுத்தும் காற்றுத் தடை. இரண்டுக்கும் எண்ணெய் ஆகாது. ஒரு சொட்டு விட்டாலே பிஸ்டன் ஒட்டிக்கொண்டு வேகமெல்லாம் தாறுமாறாகும். உலர்ந்த துணியால் துடைத்து, வேண்டுமானால் விரல் நுனியில் ஒட்டும் அளவு கிராஃபைட் தூள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கசிவுச் சோதனையை ஷட்டரில் மாட்டும் முன்பே முடியுங்கள். பல்பை அமுக்கி, குழாய் முனையை விரலால் அடைத்து, பல்பை விடுங்கள். பத்து வினாடிக்கு அது சப்பையாகவே இருக்க வேண்டும். விரிந்தால், குழாயின் வாயை அடைத்துத் தண்ணீரில் மூழ்கடித்து அமுக்குங்கள், குமிழி வரும் இடம் ஓட்டை. சோதித்தபின் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். உள்ளே நின்ற ஒரு துளி நீரும் அடுத்த அமுக்கில் பிஸ்டனுக்குத்தான் போகும்.