போட்டிக்குப் போகும் பிள்ளைகளும் துணை நிற்கும் ஊரும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்து ஓரிரு மாதங்களிலேயே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போட்டிக் காலம் தொடங்கிவிடுகிறது. குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறும் விளையாட்டுப் போட்டிகள், 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, தமிழ் வளர்ச்சித் துறையின் பேச்சு, கட்டுரைப் போட்டிகள், அறிவியல் கண்காட்சி, வினாடி வினா என்று அரையாண்டுத் தேர்வு வரை ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இவற்றில் ஊராரின் ஈடுபாடு முன்பைவிடக் கூடியிருக்கிறது. முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஊராட்சியிலும் கேட்டால் மறுப்பதில்லை. ஆயினும் இந்த உதவியின் பெரும்பகுதி, பிள்ளை வென்று திரும்பிய பிறகுதான் பள்ளி வாசலுக்கு வருகிறது. வெல்வதற்கு முன் தேவைப்பட்டவை அப்போது யாருடைய கண்ணிலும் படுவதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

ஃபிளெக்ஸுக்கு இருக்கும் பணம், சாப்பாட்டுக்கு இல்லை

மாவட்ட அளவில் முதலிடம் பெற்ற கோ-கோ அணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைப்பதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஒரே நாளில் திரண்டுவிடுகிறது. அதே அணி போட்டிக்குப் புறப்பட்ட காலையில் பன்னிரண்டு பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு வாங்க வேண்டியிருந்தது. வேளைக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,920 ரூபாய் ஆகிறது. பல பள்ளிகளில் அந்தத் தொகை உடற்கல்வி ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்தே போகிறது; உடற்கல்வி ஆசிரியரே இல்லாத சிறிய உயர்நிலைப் பள்ளியில், அணியை அழைத்துச் செல்லும் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ அதைக் கொடுக்கிறார். ஃபிளெக்ஸில் பிள்ளைகளின் முகங்கள் தபால்தலை அளவிலும், நன்கொடையாளர்களின் முகங்கள் ஆளுயரத்திலும் இருப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாராட்டு விழா வேண்டாம் என்பதல்ல. ஜூன் மாதத்திலேயே ஆண்டுக்கான போட்டிச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மிஞ்சுவதில் மாலை வாங்கலாம்.

வசூல் செய்யும் முறையிலும் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் கைபேசி எண்ணுக்கு ஜிபேயில் பணம் அனுப்பச் சொல்லிவிடுகிறார்கள். அவர் நேர்மையானவராக இருந்தாலும், இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் கணக்குக் கேட்பார், பேச்சு தடித்துவிடும், அடுத்த ஆண்டு யாரும் கொடுக்க மாட்டார்கள். மேலாண்மைக் குழுவுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது. அவற்றின் வழியாக வாங்கி, ரசீது கொடுத்து, செலவுப் பட்டியலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

பயணத்தைக் கடைசி நாளில் யோசிப்பது

எல்லாத் தவறுகளிலும் பிள்ளைகளை அதிகம் வதைப்பது இதுதான். நம் இரு மாவட்டங்களும் பரப்பில் பெரியவை. மலையும் காடும் நிறைந்தவை. அரூரிலிருந்து தருமபுரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் என்றால், சித்தேரி மலைக் கிராமத்துப் பிள்ளை முதலில் மலையிறங்கி அரூர் வந்து சேர வேண்டும். அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிருஷ்ணகிரி விளையாட்டரங்கம் அதைவிடத் தொலைவு. ஒன்பது மணிக்குப் பெயர்ப் பதிவு என்று சுற்றறிக்கை சொல்லும். ஊரின் முதல் பேருந்தே ஏழரை மணிக்குத்தான் கிளம்பும் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல், யாருடைய இருசக்கர வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து, 800 மீட்டர் ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும். நகரத்துப் பள்ளி மாணவனோ வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்திருப்பான்.

இதற்கு ஊரால் செய்யக்கூடியது நிறைய உண்டு. தக்காளி ஏற்றும் வண்டியும் மாங்காய் ஏற்றும் வண்டியும் ஊரில் இருக்கின்றன என்பதற்காக அவற்றின் பின்புறத்தில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பக் கூடாது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகும். பள்ளி வேனை வாடகைக்குப் பேசுவது, பக்கத்துப் பள்ளி அணியோடு சேர்ந்து ஒரே வண்டி எடுப்பது, முதல் நாள் மாலையே போய்ப் போட்டி நடக்கும் ஊரில் தெரிந்தவர் வீட்டிலோ பள்ளியிலோ ஆசிரியரின் பொறுப்பில் தங்கவைப்பது ஆகியவை நடைமுறையில் கைகொடுப்பவை. மலைக் கிராமப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி ஏற்பாடே நல்லது.

ஒப்புதல் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். பென்னாகரம், ஏரியூர், அரூர்ப் பக்கங்களில் தாய் தந்தையர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். போட்டிக்கு முதல் நாள் படிவத்தைக் கொடுத்து அப்பாவின் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், அந்தப் பிள்ளை தானே கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வரும் அல்லது வராமலே இருந்துவிடும். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பெற்றோர் வரும்போதே இதைப் பேசிவைக்கலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து, எங்கே போகிறோம், யார் உடன் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது

ஆறாம், ஏழாம் வகுப்பில் அணியின் முதுகெலும்பாக இருந்த மாணவி, ஒன்பதாம் வகுப்பில் அணியில் இல்லை. விசாரித்தால், ‘வயசுக்கு வந்துட்டா சார், வீட்ல வேண்டாங்கறாங்க’ என்று தோழிகள் சொல்வார்கள். ஆசிரியர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டு வருவதால் இது மாறிவிடுவதில்லை. வீட்டின் அச்சம் குறிப்பானது: இருட்டிய பிறகு திரும்பும் பயணம், உடன் பெண் ஆசிரியர் இருக்கிறாரா என்ற கேள்வி, உடை மாற்ற இடமில்லாத மைதானம், மாதவிடாய் நாளில் என்ன செய்வாள் என்ற கவலை, இவற்றோடு ஊர்ப்பேச்சு. பேச்சுக்குப் பேச்சால் பதில் சொல்லலாம். மற்றவற்றுக்கு ஏற்பாடுதான் பதில். மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அழைக்கப்படும் நிலையை மாற்றி, ஒவ்வொரு வெளியூர்ப் போட்டிக்கும் அவர்களில் ஒருவர் அணியோடு போய்வரட்டும். அணியில் ஆடும் இன்னொரு பெண்ணின் அம்மா வருகிறார் என்று தெரிந்தால், மறுத்துவந்த வீடு பல நேரங்களில் இணங்கிவிடுகிறது. அந்த அம்மாவின் அன்றைய கூலி இழப்பை யாராவது ஈடுகட்ட வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

களத்தை அறியாமல் அனுப்புவது

பள்ளி மைதானத்தின் மண் ஆடுகளத்தில் வெறுங்காலுடன் கபடி ஆடிப் பழகிய அணி, மேல்மட்டப் போட்டிகளில் ரப்பர் விரிப்பின்மீது (மேட்) ஷூ அணிந்து இறங்குகிறது. முதல் பத்து நிமிடம் வழுக்குகிறது; விரிப்பில் கால் பிடிக்கும் விதம் வேறு, திரும்பும் வேகம் வேறு. அதற்குள் எதிரணி ஆட்டத்தை எடுத்துச் சென்றுவிடும். பிள்ளைகள் சரியாக ஆடவில்லை என்று ஊர் திரும்பியதும் பேசுவார்கள். ஷூவைப் போட்டிக்கு முதல் நாள் வாங்கிக் கொடுப்பதும் ஏறத்தாழ இதே தவறுதான். புது ஷூ கடித்துக் கொப்புளம் போடும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்துப் பழகவிட வேண்டும். மேட் வைத்திருக்கும் கல்லூரியிலோ கபடிக் குழுவிடமோ அனுமதி கேட்டு, நான்கு மாலைகளாவது ஆடவைப்பது நல்லது.

கபடியில் எடைக் கட்டுப்பாடும் உண்டு. எடை கூடிய பையனை இரண்டு நாள் பட்டினி போட்டு, தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் ஓடவிடுகிறார்கள். வளரும் பிள்ளைக்கு இது ஆபத்து. இதைச் செய்யும் எவரையும் பயிற்சியாளர் என்று நான் மதிக்க மாட்டேன்.

நடுவரோடு சண்டை போடுவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முறையீடு செய்ய வேண்டியவர் அணி மேலாளராக வந்திருக்கும் ஆசிரியர் மட்டுமே. ஊரிலிருந்து வந்தவர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே போனால், தண்டனை அணிக்குத்தான் கிடைக்கும்.

வாசலில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுவது

கலைத் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைப் பிரிவுகளுக்கு என்ன செய்வது என்று கேட்டால், பல பள்ளிகளில் யூடியூபைத் திறக்கிறார்கள். எங்கோ எடுத்த நடனக் காணொளியைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து, தருமபுரியிலோ சேலத்திலோ வாடகைக்கு உடை எடுத்து, மேடையில் பாட்டை ஒலிக்கவிட்டு ஆடுகிறார்கள். தெருக்கூத்தும் பம்பையும் இன்றும் உயிரோடு இருக்கும் வட்டாரம் இது. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கூத்து வாத்தியார் இருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் அடவும், கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனின் பேச்சும், முகவீணை என்னும் குழலை ஊதும் ஆளும், ஆடை அணிகலனும் அவரிடமிருந்தே கிடைக்கும். அவருக்கு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். கலையை ஓசியில் கேட்பது முதல் தவறைவிடப் பெரிய தவறு.

பேச்சுப் போட்டியிலும் இதே நிலைதான். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் ஒப்பிக்கிறார். நம் மாவட்டத்து மேடையில் பத்தில் ஏழு பேச்சு அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மண்ணில்தான் தொடங்கும். ஆறாவது பேச்சாளர் வரும்போது நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு அங்கே இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, கண்டதைச் சொந்தச் சொல்லில் பேசச் சொன்னால், நடுவர் கேட்கும் குறுக்குக் கேள்விக்கும் பதில் வரும். மறைந்த தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் மாவட்டப் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய். அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியே சிறப்புப் பரிசும் உண்டு. பல கிராமப் பள்ளிகள் இதற்கு ஆளே அனுப்புவதில்லை.

அறிவியல் கண்காட்சியில் எரிமலையும் தெர்மோகோல் காற்றாலையும் சலித்துப் போனவை. கடையில் வாங்கிய மாதிரியை எடுத்துவரும் மாணவர் முதல் கேள்வியிலேயே திணறிவிடுவார். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊரில் எந்தத் தெரு எந்தக் கிணற்று நீரைக் குடித்தது, யார் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது, ஆற்றுநீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது குறைந்திருக்கிறதா என்று இரண்டு மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனால், அதுவே ஓர் ஆய்வு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு கேட்பதும் இத்தகைய உள்ளூர் ஆய்வைத்தான். நீர் மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் செலவை ஊர் ஏற்கலாம். ஆய்வை ஊர்க்காரர்களே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

அதே ஐந்து பேர்

பேச்சுக்கும் அவள், கட்டுரைக்கும் அவள், வினாடி வினாவுக்கும் அவள். வெல்பவரையே அனுப்பும் ஆசை ஆசிரியர்களுக்கு இயல்பு. ஊருக்கும் அதுதான் பிடிக்கும். இதில் அந்த மாணவிக்குப் பாடம் விட்டுப்போகிறது, மற்ற முந்நூறு பேருக்குப் பள்ளியின் போட்டிகள் தங்களுக்கில்லை என்பது பழகிவிடுகிறது. பள்ளி அளவிலான தேர்வைப் பெயருக்கு நடத்தாமல் உண்மையாகவே நடத்தினால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பி வருவதைப் பார்க்கலாம். ஒருவருக்கு ஆண்டில் இரண்டு போட்டி என்று வரம்பு வைப்பது கடுமையாகத் தோன்றினாலும், நான் அதற்குத்தான் வாக்களிப்பேன்.

பத்தாம் வகுப்பு வந்தவுடன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது இதன் மறுபக்கம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வதில் பெற்றோருக்கும் முழுச் சம்மதம் இருக்கிறது. பதினேழு வயதுப் பிரிவில் நன்றாக ஆடக்கூடிய ஆண்டு அதுவே என்பதை யாரும் நினைப்பதில்லை.

காகிதங்கள்

பதினான்கு, பதினேழு, பத்தொன்பது என்ற வயதுப் பிரிவுகளில் ஒரு நாள் வித்தியாசத்தில் பிள்ளை வெளியே நிற்க நேரும். ஆதாரில் ஒரு பிறந்த தேதியும், பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில் வேறொன்றும் இருப்பது மைதானத்துச் சரிபார்ப்பு மேசையில் தெரியவந்தால் அன்று ஒன்றும் செய்ய முடியாது. ஆறாம் வகுப்பில் சேரும்போதே இந்த இரண்டையும் ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும். இ-சேவை மையத்துக்குப் பெற்றோரோடு துணைக்குப் போவது, படித்த முன்னாள் மாணவர்கள் செய்யக்கூடிய, செலவே இல்லாத உதவி.

சான்றிதழையும் இதில் சேர்க்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழில் இனிஷியல் மாறியிருந்தாலோ, போட்டியின் பெயரும் ஆண்டும் தெளிவாக இல்லாவிட்டாலோ, மூன்று ஆண்டு கழித்து அதைத் திருத்தித் தர அன்று கையெழுத்திட்ட அலுவலர் அந்த இருக்கையில் இருக்க மாட்டார். வாங்கிய அன்றே மேசையருகில் நின்று படித்துப் பார்த்து, பிழையிருந்தால் அங்கேயே மாற்றி வாங்கி, ஒரு நகலைப் பள்ளிக் கோப்பில் வைத்துவிட வேண்டும். மழையில் ஒழுகும் ஓட்டு வீட்டில் டிரங்குப் பெட்டியே பாதுகாப்பு என்பதால், அசலை லேமினேட் செய்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். சரிபார்க்கும் அலுவலகங்கள் சில லேமினேட் செய்ததை ஏற்கத் தயங்குகின்றன. பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு போதும்.