'தி ஆர்கேடியன்ஸ்' போடப் போகிறீர்களா? முதலில் கிணற்றைப் பாருங்கள்

1909 ஏப்ரல் 28 அன்று லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் தொடங்கி 809 காட்சிகள் ஓடிய இசை நகைச்சுவை இது. தயாரிப்பு ராபர்ட் கோர்ட்னெய்ட்ஜ். இசை லயனல் மாங்டன், ஹோவர்ட் டால்பாட். பாட்டுகள் இன்றும் இனிக்கின்றன. ஆனால் நாடகம் நிற்பதும் விழுவதும் முதல் அங்கத்துக் கிணற்றில்தான்.

பொய்யே அறியாத மக்கள் வாழும் கற்பனை நாடு ஆர்கேடியா. விமானத்திலிருந்து அங்கே வந்து விழும் லண்டன்காரர் ஸ்மித் பொய் சொல்கிறார். உண்மைக் கிணற்றில் தள்ளுகிறார்கள். வழுக்கையும் கிருதாவும் போய், தலை நிறைய முடியோடு இளைஞன் சிம்ப்ளிசிடாஸாக வெளியே வருகிறார். இந்த மாற்றம் இழுத்தால் சிரிப்பு செத்துவிடும்.

மேடையில் பாதாளக் கதவு இல்லையென்றால் கவலை வேண்டாம். கிணற்றைப் பின்திரையை ஒட்டி வையுங்கள்; பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். சுவர் 75 செ.மீ. உயரம் போதும், உள்ளே தடித்த மெத்தை. ஆர்கேடிய உடையைக் கோட்டுக்கு அடியிலேயே போட்டுவிடுங்கள். உள்ளே உதவியாளர் இருவர்: ஒருவர் தலைக்கு, ஒருவர் உடைக்கு. மூன்றாமவர் வந்தால் கைகள் முட்டிக்கொள்ளும். கோட்டுக்கு வெல்க்ரோ வேண்டாம், கிழியும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். பிரஸ் பட்டன் வையுங்கள். மைக்கை வழுக்கை விக்கில் செருகாதீர்கள், விக்கோடு அதுவும் போய்விடும். காதோரம் ஒட்டுங்கள்.

கிருதாவைப் பசையால் ஒட்டவே கூடாது. பிய்த்தால் கன்னம் சிவந்து தெரியும். மூன்றாம் அங்கத்தில் அவர் மறுபடி கிணற்றில் விழுந்து ஸ்மித்தாகும்போது வியர்த்த முகத்தில் பசை பிடிக்கவும் பிடிக்காது. காதில் மாட்டும் மெல்லிய கம்பியில் கிருதாவைக் கட்டிவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். இதை முழு உடையோடு, கோரஸ் பாட்டு ஓட ஓடவே ஒத்திகை பாருங்கள்.

இரண்டாம் அங்கம் ஆஸ்க்வுட் குதிரைப் பந்தயம். குதிரையை மேடையில் ஓடவிட முடியாது. கோரஸின் கண்கள்தான் ஓட வேண்டும். பார்வையாளர்களுக்குப் பின்னால் உள்ள அரங்கச் சுவரில் இடமிருந்து வலமாக நான்கு புள்ளிகள் குறித்து, தாள எண்ணிக்கைக்கு எல்லாத் தலைகளும் சேர்ந்து திரும்பட்டும். ஒருவர் முந்தினாலும் குதிரை காணாமல் போய்விடும்.

ஆர்கேடியப் பெண் சோம்ப்ராவாக நடிக்க உயர்ந்த ஸ்தாயியில் இலகுவாகப் பாடும் சொப்ரானோ கட்டாயம். அவள் பாட்டான 'தி பைப்ஸ் ஆஃப் பேன்' பாடவைத்துத் தேர்ந்தெடுங்கள். ஜாக்கி டூடியாக வருபவர் மட்டும் கடைசிவரை சிரிக்கக் கூடாது. முதல் தயாரிப்பில் நடித்த ஆல்ஃபிரட் லெஸ்டர் அந்தப் பாத்திரத்தைப் புகழ்பெறச் செய்தது அழுமூஞ்சியாலேயே. நேரம் நீண்டால் மூன்றாம் அங்கத்தில் வெட்டுங்கள், அங்கே கதை மெலிவு.