மூக்கடைப்பு மாத்திரையும் சிறுநீர் அடைப்பும்

ராத்திரி அடிக்கடி எழுந்து போனாலும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பார்லித் தண்ணீர் குடித்தேன், சாயங்காலத் தேத்தண்ணியை நிறுத்தினேன், பலனில்லை. சிறுநீர்ப் பரிசோதனையிலும் கிருமித்தொற்று இல்லை.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர், "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார். சளிக்கு வாங்கிய அட்டையைக் காட்டினேன். சூடோஎஃபெட்ரின்! மூக்கடைப்பைத் திறக்கும் அதே மருந்து சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்கிவிடும். அதே மாத்திரையில் கூடவே இருந்த குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து, சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். 50 வயது தாண்டி புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பெருத்தவர்களுக்கு இந்த ஜோடி ஆகவே ஆகாது.

நிறுத்தினேன், சில நாளில் ஓட்டம் சீரானது. அப்புறம் டாக்டர், ஆசனவாய் வழியாக புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையும் செய்தார். நண்பர்கள் பயமுறுத்திய அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, சட்டென்று முடிந்தது. புராஸ்டேட் கொஞ்சம் பெருத்திருக்கிறது, அந்தக் கழுத்துத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீர் அடியோடு நின்றால் மட்டும் நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.