பாலினச் சமத்துவக் கொள்கை வரைவு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்

அரசு கருத்துக் கேட்டு வெளியிடும் வரைவு கைக்கு வந்ததும் பெண்கள் உடல்நலம் பற்றிய பகுதி 'தாய்சேய் நலம்' என்பதோடு முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது போதாது. கருத்தடை, பாதுகாப்பான கருக்கலைப்பு, குழந்தையின்மை சிகிச்சை, மாதவிடாய், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் இதில் அடங்கும், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் உடம்பு இருக்கிறதே.

அப்புறம், முடிவு யார் கையில் என்று தேடுங்கள், இதுதான் முக்கியம். சிகிச்சைக்குக் கணவரின் சம்மதம் வேண்டும் என்று எங்காவது இருந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு எதிர்த்து எழுதுங்கள். எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிப்பதில் ஆணுக்குச் சமமான உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று, 1979இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்தால் தயங்காமல் மேற்கோள் காட்டுங்கள். மக்கள்தொகை, வளர்ச்சி பற்றி 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மாநாட்டின் செயல்திட்டம் குடும்பக் கட்டுப்பாட்டில் வற்புறுத்தல் கூடாது என்கிறது. அதனால் கருத்தடையை மறுப்பது எவ்வளவு தவறோ, எண்ணிக்கை இலக்கு வைத்துப் பெண்களைக் கருத்தடை அறுவை சிகிச்சைக்குத் தள்ளுவதும் அவ்வளவு தவறு.

சரி, பணம்? தனி நிதி ஒதுக்கீடு இல்லாத வாக்குறுதியை நம்பாதீர்கள்.

பலனை எப்படி அளப்பார்கள் என்றும் கேளுங்கள். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 5.6.1 என்ற குறியீடு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் எத்தனை பேர் உடலுறவு, கருத்தடை, சிகிச்சை பற்றித் தாங்களே முடிவெடுக்கிறார்கள் என்று கணக்கிடுகிறது, அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். கருத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.